ஒரு மனிதரின் பெயர் வினைச்சொல் ஆன கதை

இங்கிலீஷ் பாஷையில் எதிர்ப்பைக் குறிக்கும் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. 'அப்போஸ்' என்று ஒன்று. 'ரெஸிஸ்ட்' என்று ஒன்று. 'டிஃபை' என்று இன்னொன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் பரீட்சையில் இம்மூன்றையும் இடம் மாற்றி எழுதிவிட்டு, "எல்லாவற்றுக்கும் 'எதிர்த்தல்' என்றுதானே அகராதியில் போட்டிருக்கிறது?" என்று கேட்பதுண்டு. கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. ஒரு கருத்துக்கு எதிரே மற்றொரு கருத்தை வைத்தாலே 'அப்போஸ்' செய்ததாகிவிடும். வந்து மோதும் வேகத்துக்கு இடங்கொடாமல், வெள்ளத்துக்குக் கரை நிற்பதுபோல் நிற்பது 'ரெஸிஸ்ட்.' "உன்னால் ஆனதைப் பார்" என்று நேருக்கு நேர் சவால் விடுவது 'டிஃபை.' மூன்றும் லத்தீன் வேரிலிருந்து தோன்றிப் பல நூற்றாண்டுகள் வழங்கி வந்த கௌரவமான சொற்கள்.

இவற்றோடு நாலாவதாக ஒரு சொல் உண்டு. அதற்கு லத்தீன் வேரும் இல்லை, கிரேக்க வேரும் இல்லை. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். 1880-ம் வருஷம் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அந்தச் சொல் உலகத்தில் இல்லை. அந்த வருஷம் முடிவதற்குள் லண்டன் பத்திரிகைகளிலெல்லாம் இடம் பிடித்துவிட்டது. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்யன், ஜப்பானியம் முதலிய பாஷைகளும் அதை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டன. அதுதான் 'பாய்காட்' என்னும் சொல்.

நம் தேசத்தின் சரித்திரத்தோடும் நெருங்கிய தொடர்புள்ள சொல் இது. நல்லதற்கும் பயன்பட்டிருக்கிறது, பெருங்கொடுமைக்கும் பயன்பட்டிருக்கிறது. ஆகவே அதன் பிறப்பையும் பொருளையும் சற்று நிதானமாக விசாரித்துப் பார்ப்போம்.

மாஸ்க் ஏரிக் கரையிலே

அயர்லாந்து தேசத்தின் மேற்கே மேயோ என்று ஒரு ஜில்லா. அங்கே மாஸ்க் ஏரிக் கரையில் ஏர்ன் பிரபு என்பவருக்குச் சொந்தமான நிலங்கள் இருந்தன. பிரபு அங்கே வசிக்கவில்லை. அவர் சார்பில் குத்தகை வசூல் செய்ய, 1873 முதல் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் என்ற இங்கிலீஷ்காரர் ஏஜெண்டாக இருந்து வந்தார். நம் ஊர் வழக்கில் ஜமீன் காரியஸ்தர் என்று சொல்லலாம். இங்கிலாந்தில் நார்போக் ஜில்லாவில் 1832-ல் பிறந்தவர். சொற்ப காலம் பட்டாளத்தில் இருந்தவர். எல்லோரும் அவரைக் 'காப்டன் பாய்காட்' என்றே அழைத்தார்கள். அது மரியாதைக்காக ஊரார் கொடுத்த பட்டமே தவிர, பட்டாளத்தார் கொடுத்தது அல்ல.

பாய்காட் துரை பெரிய அரக்கர் அல்ல. கண்டிப்புக்காரர்; பிடிவாதக்காரர்; தாம் சொன்னதே சட்டம் என்று நினைப்பவர். வேலிக் கதவைத் திறந்து போட்டால் அபராதம், கோழி அவர் நிலத்தில் புகுந்தால் அபராதம் என்று குடியானவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். இவ்வளவுதான் என்றால் சரித்திரம் அவரைத் திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் காலம் பொல்லாததாக இருந்தது. 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போய் நேர்ந்த பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் ஜனங்கள் மாண்டதை அயர்லாந்து மறக்கவில்லை. 1877 முதல் மறுபடியும் மழையும் குளிருமாக விளைச்சல் கெட்டது. குத்தகை மட்டும் குறையவில்லை. கொடுக்க முடியாதவர்களை வீட்டை விட்டே வெளியேற்ற நிலச் சொந்தக்காரர்களுக்குச் சட்டம் இடங்கொடுத்தது.

இந்த நிலையில் 1879 அக்டோபரில் மேயோ ஜில்லாவில் காசில்பார் என்ற ஊரிலே நிலச் சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்த மைக்கேல் டாவிட் அந்த ஜில்லாவிலேயே குடியானவர் வீட்டில் பிறந்தவர். அவர் சிறு குழந்தையாய் இருந்தபோது அவருடைய குடும்பமே நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது. சங்கத்தின் தலைவர் பார்னெல். 1880 செப்டம்பர் 19-ந் தேதி என்னிஸ் என்ற ஊரில் பார்னெல் ஒரு பிரசங்கம் செய்தார். ஒரு குடியானவனை வெளியேற்றிய நிலத்தை மற்றொருவன் ஆசைப்பட்டுக் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வது என்று கூட்டத்தைக் கேட்டார். "சுட்டுத் தள்ள வேண்டும்" என்று குரல்கள் எழுந்தன. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது என்றார் பார்னெல். வழியில் கண்டாலும், கடையில் கண்டாலும், சந்தையில் கண்டாலும், கோவிலில் கண்டாலும் அவனோடு முகங்கொடுத்துப் பேசாதீர்கள். பழங்காலத்தில் குஷ்டரோகியை ஒதுக்கியதுபோல் ஒதுக்கி விடுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இந்த உவமையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப நேரும்.

மூன்று நாட்கள் கழிந்தன. மாஸ்க் ஏரிக் குடியானவர்கள் குத்தகையில் நூற்றுக்கு 25 வீதம் குறைக்கக் கேட்டிருந்தார்கள். ஏர்ன் பிரபு 10 வீதந்தான் குறைப்பேன் என்றார். பாய்காட் துரை 11 பேரை வெளியேற்ற நோட்டீஸ் வாங்கிவிட்டார். செப்டம்பர் 22-ந் தேதி போலீஸ் காவலோடு நோட்டீஸ் கொடுக்க வந்த சேவகனை ஊர்ப் பெண்கள் சேற்றாலும் கல்லாலும் எருவாலும் வரவேற்றுத் துரத்தினார்கள். மறு நாள் துரையின் வீட்டுக்கும் பண்ணைக்கும் ஆள் போயிற்று. வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கொல்லன் குதிரைக்கு லாடம் கட்டவில்லை. வண்ணாத்தி துணி வெளுக்கவில்லை. பாலின்ரோப் பட்டணத்துக் கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. தபால் கொண்டுவந்த பையனும் நின்றுவிட்டான். அந்த வேலையைத் துரையின் மருமான் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. வயலிலே விளைந்த தானியமும் கிழங்கும் அறுப்பாரும் தோண்டுவாரும் இல்லாமல் கிடந்தன.

பாதிரியார் தட்டிய நெற்றி

இப்படிச் செய்வதற்கு என்ன பெயர்? இங்கிலீஷில் அப்போது 'ஆஸ்ட்ரஸைஸ்' என்ற சொல் இருந்தது. பழைய ஏதென்ஸ் நகரத்தில் ஜனங்கள் ஓட்டுச் சில்லுகளில் பெயரைக் கீறிப் போட்டு, பெரும்பான்மை பெற்றவரைப் பத்து வருஷம் ஊரை விட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த ஓட்டுச் சில்லின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்த சொல் அது. படித்தவர்களுக்கு விளங்கும், மேயோ ஜில்லாக் குடியானவனுக்கு விளங்குமா?

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் என்பவர் இந்தக் கவலையோடு உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலியின் வீட்டில் உட்கார்ந்திருந்தாராம். சாப்பாடு இறங்கவில்லை. என்ன விஷயம் என்று பாதிரியார் விசாரித்தார். ஒரு சொல் அகப்படவில்லை என்றார் ரெட்பாத். பாதிரியார் சிறிது நேரம் குனிந்து யோசித்து, நெற்றியைத் தட்டிக்கொண்டு, அந்தத் துரையின் பெயரையே வினைச்சொல்லாக்கி 'பாய்காட் செய்வது' என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டாராம். ரெட்பாத் இதைப் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். குடியானவர்களுக்குப் புரியும்படி ஒரு சொல் வேண்டும் என்ற கவலையிலேதான் இந்த வினைச்சொல் பிறந்தது.

அக்டோபர் மாதம் பாய்காட் துரையே லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குத் தம் கஷ்டங்களை எழுதியனுப்பினார். அந்தக் கடிதம் அவர் பெயரைப் பிரிட்டனெங்கும் பரப்பிவிட்டது. அல்ஸ்டர் பிரதேசத்திலிருந்து 50 ஆட்கள் அவருடைய பயிரை அறுத்துக் கொடுக்கப் புறப்பட்டார்கள். அவர்களுக்குக் காவலாகச் சர்க்கார் சுமார் ஆயிரம் சிப்பாய்களையும் போலீஸாரையும் அனுப்பியது. நவம்பர் மாதத்து ஐரிஷ் மழையில், வாடகை வண்டி அகப்படாமல், ரெயில் நிலையத்திலிருந்து 14 மைல் நடந்தே பாலின்ரோப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு வாரம் கிழங்கு தோண்டினார்கள். காப்பாற்றிய விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுன். காப்பாற்றுவதற்கு ஆன செலவு 10,000 பவுன் என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு டர்னிப் கிழங்குக்கும் ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னெல் கேலி செய்ததாகச் சொல்வார்கள்.

நவம்பர் மாதக் கடைசியில் பாய்காட் துரை குடும்பத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பினார். டப்ளினில் அவர் தங்கிய ஹோட்டலுக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. உடனே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அமெரிக்காவுக்குச் சென்றபோது தம் பெயரின் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு 'கன்னிங்ஹாம்' என்ற பெயரில் பிரயாணம் செய்தார். சொந்தப் பெயர் அப்போது ஊரார் நாவில் வினைச்சொல்லாகிவிட்டது! பின்னர் இங்கிலாந்தில் சப்போக் ஜில்லாவில் ஒரு பண்ணைக்கு ஏஜெண்டாக இருந்து, 1897-ல் காலமானார். அயர்லாந்திலோ 1881-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் நிலச் சட்டம் கொண்டுவந்தார். நியாயமான குத்தகையைக் கோர்ட்டார் நிர்ணயிக்கலாம். குத்தகையை ஒழுங்காகக் கொடுக்கும் குடியானவனை வெளியேற்றக் கூடாது. அவன் தன் குத்தகை உரிமையை விற்கலாம் என்ற மூன்று கோரிக்கைகளையும் அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது.

ஒரு விஷயத்தை மறைப்பதற்கில்லை. மாஸ்க் ஏரிக் கரையில் விலகிக்கொண்ட எல்லோரும் மனமுவந்தே விலகினார்கள் என்று சொல்ல முடியாது. பயமுறுத்தலுக்கு அடங்கி விலகியவர்களும் உண்டு. கொல்லனைக் கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள் என்று துரை தம் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். இந்தச் சொல் பிறந்தபோதே இந்தக் குறையும் அதனோடு பிறந்துவிட்டது.

பொருள் என்ன?

இனி இலக்கணத்துக்கு வருவோம். முதலில் பத்திரிகைகள் இந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி, மேற்கோள் குறிக்குள் அடைத்து அச்சிட்டன. நாளடைவில் மேற்கோள் குறி போயிற்று. பிறகு பெரிய எழுத்தும் போயிற்று. இன்று பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் இங்கிலீஷில் ஒரே உருவந்தான். அந்த வினை செயப்படுபொருளை வேண்டி நிற்பது. ஒரு மனிதரையோ, கடையையோ, சரக்கையோ, கூட்டத்தையோ, தேர்தலையோ 'பாய்காட்' செய்யலாம். ஆனால் சும்மா 'பாய்காட் செய்கிறேன்' என்று நிறுத்தினால் வாக்கியம் முடிவதில்லை.

சரியான பிரயோகத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, பலர் கூடிச் செய்வது. ஒருவர் தனக்குப் பிடிக்காத காப்பிக் கடைக்குப் போகாமல் இருந்தால் அது ருசி பேதம். ஊரே போகாமல் இருந்தால்தான் 'பாய்காட்.' இரண்டாவது, அடிப்பதோ உடைப்பதோ அல்ல. கொடுத்து வந்ததைக் கொடாமல் நிறுத்துவது. வேலை, விலை, பேச்சு, வரவு, வாக்கு ஆகிய இவற்றில் ஏதோ ஒன்றை நிறுத்துவது. மூன்றாவது, ஒரு கோரிக்கை. குத்தகையைக் குறைத்தால் நாளைக்கே வேலைக்கு வருகிறோம் என்பது அதன் உள்ளே இருக்கவேண்டும். கோரிக்கை இல்லாத விலகல் வெறும் வெறுப்பு.

'அப்போஸ்' முதலிய மூன்று சொற்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெளிவாகிறது. அவை செய்வதைக் குறிக்கும் சொற்கள். இது செய்யாமையைக் குறிப்பது. துப்பாக்கி இல்லாதவனும், சட்டசபையில் இடம் இல்லாதவனும், படிப்பு இல்லாதவனும் செய்யாமல் இருக்க முடியும். எளியவனுக்கு இது ஆயுதமானது அதனால்தான்.

தமிழில் எப்படிச் சொல்வது?

செய்யாமையைச் சொல்வதற்குத் தமிழைப்போல் வசதியுள்ள பாஷைகள் குறைவு. இங்கிலீஷ்காரர் 'செய்' என்ற வினைக்கு முன்னால் ஒரு துணைவினையும், ஒரு 'நாட்'டும் சேர்த்தால்தான் மறுக்க முடியும். தமிழில் எதிர்மறை வினைமுற்று என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. "உழோம், அறுக்கோம், விற்கோம், பேசோம்" என்றால் ஒவ்வொரு சொல்லிலும் செயலும், மறுப்பும், மறுக்கிறவர்கள் பலர் என்பதும், அவர்கள் நாமே என்பதும் அடங்கிவிடுகின்றன. மாஸ்க் ஏரிக் குடியானவர்கள் செய்தது முழுவதையும் இந்த நாலு சொற்களில் சொல்லிவிடலாம்.

ஆனால் 'பாய்காட்' என்பதற்கு நேராக நாம் கைக்கொண்ட சொற்கள் இந்த வழியில் வரவில்லை. சுதேசி இயக்க காலத்திலிருந்து வழங்கியது 'பகிஷ்காரம்.' இப்போது அதிகமாக வழங்குவது 'புறக்கணிப்பு.' இடையிலே 1920-ல் வந்து சேர்ந்தது 'ஒத்துழையாமை.' இம்மூன்றும் ஒன்றேதான் என்று பலர் நினைக்கிறார்கள். நம் அபிப்பிராயத்தில் மூன்றும் வேறு.

'பகிஷ்காரம்' வடமொழி. 'பகிஸ்' என்றால் வெளியே. வெளியே ஆக்குவது, அதாவது ஒருவனை நம் வட்டத்துக்கு அப்பால் தள்ளுவது, பகிஷ்காரம். 'புறக்கணிப்பு' என்பதில் புறம் இருக்கிறது. புறம் என்றால் முதுகும் ஆகும், வெளியும் ஆகும். பாராமுகமாய் இருப்பது அதன் பொருள். 'ஒத்துழையாமை' என்பதோ எதிராளியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் என்ன செய்யமாட்டேன் என்பதை மட்டும் சொல்கிறது. முதலாவது சொல் அவனைத் தள்ளுகிறது. இரண்டாவது அவனைப் பார்க்க மறுக்கிறது. மூன்றாவது நம் கையை நாமே இழுத்துக்கொள்கிறது. இங்கிலீஷ்காரர் இந்த மூன்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

நம் தேசத்தில் இந்தச் சொல் அடியெடுத்து வைத்தது வங்காளப் பிரிவினையின்போது. 1905 ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய பெருங்கூட்டம் இங்கிலீஷ் சரக்குகளை வாங்குவதில்லை என்று தீர்மானித்தது. அதே வருஷத்தில், சீனர்களைத் தன் தேசத்தில் குடியேற விடாத அமெரிக்காவின் சரக்குகளை வாங்குவதில்லை என்று ஷாங்காய் வியாபாரிகளும் தீர்மானித்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது. அயர்லாந்தில் ஒரு மனிதரிடம் தொடங்கியது, 25 வருஷத்தில் தேசங்களுக்கு இடையே வந்துவிட்டது. வங்காளப் பிரிவினையை 1911 டிசம்பரில் சர்க்கார் ரத்து செய்தது.

தமிழ்நாட்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை இதற்கு ஒரு புது அர்த்தம் கொடுத்தார். அந்நியக் கப்பலில் ஏறாதே என்று சொன்னால் மட்டும் போதாது, ஏறுவதற்கு நம் கப்பல் வேண்டாமா? 1906-ல் 10 லட்சம் ரூபாய் மூலதனத்துக்கு, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டமிட்டுச் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தூத்துக்குடியில் பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடியது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டிக்கு வந்தது. 1908 மார்ச்சு 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளையைக் கைது செய்தார்கள். கம்பெனி நிலைக்கவில்லை. ஆனால் செய்யாமைக்கு ஈடாக ஒரு செய்கை இருந்தால்தான் அது நெடுநாள் நிற்கும் என்ற பாடம் நிலைத்தது. பிற்காலத்தில் அந்நியத் துணியை மறுத்தவர்கள் கையில் ராட்டினத்தை எடுத்துக்கொண்டதும் இதே பாடத்தின்படிதான்.

சொல்லின் மறுபக்கம்

இதுவரை சொன்னது பெருமை. இனிச் சொல்லப்போவது பெருமையல்ல.

பார்னெலின் உவமையை நினைத்துப் பார்ப்போம். குஷ்டரோகியைப்போல் ஒதுக்குங்கள் என்றார் அவர். ஒரு குற்றமும் செய்யாத நோயாளியை உலகம் ஈவிரக்கமின்றித் தள்ளி வைத்தது. அந்தக் கொடுமையையே மாதிரியாக எடுத்து, அக்கிரமக்காரன் மேல் திருப்பிவிட்டார். திருப்பியது சாமர்த்தியந்தான். ஆனால் அந்த ஆயுதம் முதலில் யாருடைய கையில் இருந்தது, யார் மேல் பாய்ந்தது என்பதை நாம் மறக்கலாகாது. 'பாய்காட்' என்ற பெயர் 1880-ல்தான் வந்தது. காரியம் மிகப் பழையது. ஊரை விட்டுத் தள்ளி வைத்தல், ஊர்க் கட்டுப்பாடு, சாதிப் பிரஷ்டம் என்று நம் கிராமங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

டாக்டர் அம்பேத்கர் 1924-ல் தொடங்கிய சபையின் பெயரிலும், 1927-ல் தொடங்கிய மராத்திப் பத்திரிகையின் பெயரிலும் 'பஹிஷ்க்ருத்' என்ற சொல்லை வைத்தார். நாம் அந்நியத் துணிக்கு எந்தச் சொல்லை உபயோகித்தோமோ அதே சொல்! 'பகிஷ்கரிக்கப்பட்டவர்கள்' என்பது அதன் பொருள். அந்நியச் சரக்கைப் பகிஷ்கரித்ததாகப் பெருமை கொண்ட ஒரு தேசத்துக்குள்ளேயே, பிறந்த நாள் முதல் பகிஷ்கரிக்கப்பட்டவர்களாகக் கோடிக்கணக்கானவர்கள் இருந்தார்கள். 1927 மார்ச்சில் மஹாத் என்ற ஊரில் பொதுக் குளத்து நீரைக் குடிக்கவே அவர்கள் போராட வேண்டியிருந்தது. உரிமை கேட்டவர்களுக்குக் கிராமத்தில் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, நடக்க வழியில்லை என்று ஆக்குவது மேல்சாதியாரின் வழக்கமான தண்டனையாக இருந்தது. கொல்லனும் வண்ணாத்தியும் கடைக்காரனும் மறுத்தது பாய்காட் துரைக்கு நேர்ந்தபடியேதான். ஆனால் துரைக்கு உதவ ஆயிரம் சிப்பாய்கள் வந்தார்கள். போவதற்கு இங்கிலாந்து இருந்தது. இவர்களுக்கு இரண்டும் இல்லை.

லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் சென்னை மாகாணத்தின் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் சேர்ந்து ஒரு திட்டம் சமர்ப்பித்தார்கள். தாழ்த்தப்பட்டவர்களைப் பகிஷ்கரிப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். பகிஷ்காரம் என்றால் என்ன என்பதற்கு ஒரு சட்ட இலக்கணமும் கொடுத்தார்கள்: நிலமோ வீடோ வாடகைக்குக் கொடுக்க மறுப்பது, கூலிக்கு வேலை செய்யவோ வேலை கொடுக்கவோ மறுப்பது, வழக்கமான கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது முதலியவை. இந்த வாசகத்தை அவர்கள் எடுத்தது 1922-ல் பர்மாவில் பிறந்த பகிஷ்கார எதிர்ப்புச் சட்டத்திலிருந்து. சர்க்கார் தன்னை மறுத்தவர்களை அடக்குவதற்காகச் செய்த சட்டத்தின் சொற்களை, ஊராரால் மறுக்கப்பட்டவர்களைக் காப்பதற்காக இவர்கள் கேட்டு நின்றார்கள்.

மேல்நாட்டிலும் இதே கதைதான். 1933 ஏப்ரல் 1-ந் தேதி ஜெர்மனியில் ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படையினர் யூதர்களின் கடை வாசல்களில் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களைத் தடுத்தார்கள். அதற்கும் அவர்கள் 'பாய்காட்' என்றே பெயர் வைத்தார்கள். சர்க்காரும் படையும் ஒரு பக்கம். சில நூறாயிரம் ஜனங்கள் மறு பக்கம். மேயோ ஜில்லாவில் பிறந்த சொல் அன்று பெர்லினில் தலைகீழாக நின்றது.

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து மாண்ட்கோமரி நகரத்தில் 1955 டிசம்பர் 5-ந் தேதி கறுப்பு ஜனங்கள் பஸ் ஏறுவதை நிறுத்தினார்கள். வெள்ளைக்காரருக்கு இடத்தை விட்டுக்கொடுக்க மறுத்த ரோஸா பார்க்ஸ் அம்மையாரைக் கைது செய்ததே காரணம். வேலைக்காரப் பெண்களும் கூலியாட்களும் 381 நாட்கள் நடந்தே போனார்கள். பஸ்ஸில் நிற வேற்றுமை செல்லாது என்று அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டு தீர்ப்பளித்தது. இந்தப் போராட்டத்தின் தலைவரான மார்ட்டின் லூதர் கிங் 1958-ல் வெளியான தம் நூலில் ஒரு சங்கடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரரின் சங்கங்களும் உரிமை கேட்ட கறுப்பர்களுக்கு வேலையும் கடனும் கிடைக்காமல் செய்து வந்தன. அவர்கள் செய்வதும் 'பாய்காட்', நாம் செய்வதும் 'பாய்காட்' என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். யோசித்த பின், பஸ் கம்பெனியை ஒழிப்பது நம் நோக்கமல்ல, அநியாயமான ஓர் ஏற்பாட்டுக்கு நம் ஒத்துழைப்பைக் கொடுப்பதில்லை என்பதே நம் காரியம் என்று தெளிந்தார். அதன் பிறகு 'பாய்காட்' என்ற சொல்லை அவர் பெரும்பாலும் தவிர்த்துவிட்டார்.

தமிழில் நாம் இரண்டு சொற்களாகப் பிரித்து வைத்திருப்பதைத்தான் அவர் தம் பாஷையில் தேடியிருக்கிறார். பகிஷ்காரம் ஒன்று, ஒத்துழையாமை மற்றொன்று.

எப்படிப் பிரித்தறிவது?

அப்படியானால் எந்த மறுப்பு நியாயம், எது அநியாயம் என்று எப்படிக் கண்டுகொள்வது? வாக்கியத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். யார், யாரை? பலமில்லாதவர்கள் கூடிப் பலமுள்ளவனை மறுத்தால் அவனுக்குப் போக வேறு வழி இருக்கும். பலமுள்ளவர்கள் கூடிப் பலமில்லாதவனை மறுத்தால் அவன் வயிறு காய்ந்து போவான்.

மறுபாதி, எதை மறுக்கிறோம் என்பதில் இருக்கிறது. காந்தியடிகள் ஒத்துழையாமை நாட்களிலேயே, 1920, 1921-ம் வருஷங்களில், 'யங் இந்தியா' பத்திரிகையில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறார். மாறுபட்ட கருத்துள்ளவனுக்கு வைத்தியம் போன்ற அவசிய உதவிகளை மறுப்பது மனிதத்தன்மை ஆகாது என்பது அவர் கட்சி. அவனிடமிருந்து நாம் பெறும் லாபத்தை நாமே விட்டுவிடலாம். அவன் உயிர் வாழ்வதற்கு வேண்டியதை அவனுக்கு இல்லாமல் செய்யக் கூடாது. துணி வாங்க மறுத்தவன் கதர் கட்டிக்கொண்டு தானும் கஷ்டப்பட்டான். பஸ் ஏற மறுத்தவள் நடந்து நடந்து தன் காலை நோகச் செய்துகொண்டாள். மறுக்கிறவனுக்குச் சிறிதும் நோவு இல்லாத மறுப்பு எதுவானாலும் அதைச் சந்தேகிப்பதே நலம்.

சுதந்திர இந்தியா இந்தப் பேதத்தைச் சட்டத்திலும் எழுதிவிட்டது. அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. ஆதித் திராவிடர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989-ம் வருஷத்துச் சட்டத்தை 2015-ல் திருத்தியபோது, அவர்கள் மேல் சமூகப் பகிஷ்காரமோ பொருளாதாரப் பகிஷ்காரமோ விதிப்பதும் விதிப்பதாக மிரட்டுவதும் குற்றம் என்று தெளிவாகவே சேர்த்தார்கள். சாதிப் பஞ்சாயத்துகள் சொந்த சாதியாரையே தள்ளி வைப்பதைத் தடுக்க, 2016-ல் மகாராஷ்டிர சட்டசபை தனியாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. விரும்பாத சரக்கை வாங்காமல் இருப்பதும், விரும்பாத கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதும் எந்தக் குடிமகனும் செய்யக்கூடியது. அயலானுக்குக் குழாயடியை மூடுவது குற்றம்.

இந்தக் காலத்தில் இந்த வினைச்சொல் மிகவும் மலிந்துவிட்டது. ஒரு சினிமா பிடிக்கவில்லையா? 'பாய்காட்.' ஒரு சோப்பு விளம்பரம் பிடிக்கவில்லையா? 'பாய்காட்.' கைத் தொலைபேசியில் ஒரு விரலைத் தட்டினால் தீர்ந்தது. அவற்றில் பலவற்றுக்குக் கோரிக்கையும் இல்லை. தட்டியவருக்கு நஷ்டமும் இல்லை. அயலார் ஒரு குடும்பத்தாரிடம் காய்கறி வாங்காதே, இன்ன தெருக்காரருக்கு வீடு கொடாதே என்று செய்தி வந்தால் அதற்கும் இதே பெயர் சூட்டப்படுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் காரியமும் ஒன்று என்று மயங்கிவிடக் கூடாது.

ஆகவே பிள்ளைகள் இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், 'பகிஷ்கரித்தல்' என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி அனுப்பிவிடாமல், ஐரிஷ் குடியானவர்களின் கதையையும் மஹாத் குளத்தின் கதையையும் சேர்த்தே சொல்லும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கேட்ட பிறகு, 'நாங்கள் செய்யோம்' என்பதற்கும் 'அவனைச் சேர்க்கோம்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தானே விளங்கிவிடும்.